மூத்திரத்தை அடக்குவது எந்தத் தகுதி?

"அக்கா, நேத்து ராத்திரியிலேர்ந்து தண்ணி குடிக்கல்ல. குடிச்சா போணும்லா."

நீட் தேர்வு நடந்த ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. நாகர்கோவிலில் ஒரு தேர்வு மையத்தின் வாசலுக்கு எதிரே, வேப்பமர நிழலில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது இது. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்தவள். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, அம்மாவுக்கு அண்டி ஆபீஸ் வேலை. எங்கள் காலனி மாலை வகுப்பில் இரண்டு வருடம் படித்தவள். இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. ஹால் டிக்கெட் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, ஆதார் இருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. தேர்வுக்குத் தயாராக வந்திருக்கிறேன் என்பதற்கு இதையும் ஒரு சான்றாகச் சொன்னாள்.

எனக்கு அதிர்ச்சி வரவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான் எல்லாத் தேர்வும் எழுதினேன். என் அக்காவும் அப்படித்தான். இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர், குறிப்பாகப் பெண்கள், அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கதவில்லாத பள்ளிக் கழிவறையும், தண்ணீர் வராத குழாயும், நெரிசலில் தொங்கிக்கொண்டு போன பேருந்தும் சொல்லித் தந்தன.

'மூன்று மணி நேரம்' என்ற பொய்

நீட் 2022 முதல் 2024 வரை 3 மணி 20 நிமிடத் தேர்வு. 2025-ல் 3 மணி நேரம், பிற்பகல் 2 முதல் 5 வரை. காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் வாசல் 1.30-க்கு அடைக்கப்படும். அதற்கு முன் சோதனை, கைரேகை, வரிசை. அதனால் 11 மணியிலிருந்தே உள்ளே அனுப்பத் தொடங்குகிறார்கள். அன்றைக்கு 11 மணிக்கு உள்ளே போன பிள்ளை வெளியே வரும்போது மாலையாகிவிட்டது.

எங்கள் பிள்ளையின் கணக்கு இன்னும் நீளம். ஞாயிறு காலையில் மலையடிவாரத்துக்குப் பேருந்து குறைவு. ஒரு நிமிடம் தாமதித்தால் ஒரு வருடம் போய்விடும் என்ற பயம் வேறு. ஆறரைக்கு வீட்டைவிட்டு இறங்கினாள். எட்டரைக்கு வடசேரி. ஒன்பது மணி முதல் மைய வாசலில் நிற்கிறாள். வாசலுக்கு வெளியே கழிவறை கிடையாது. பக்கத்து வீதியிலேயே வீடு உள்ள பிள்ளை ஒருமணிக்குக் குளித்து, சாப்பிட்டு, கழிவறைக்குப் போய்விட்டு, ஏசி காரில் வந்து இறங்குகிறாள். ஒருத்திக்கு நான்கு மணி நேரத் தேர்வு. இன்னொருத்திக்குப் பத்தரை மணி நேரத் தேர்வு. கேள்வித்தாள் ஒன்றுதான்.

தேர்வு அறைக்குள் போனபிறகு? 2024 நீட் விதிப்படி தேர்வு தொடங்கிய முதல் ஒரு மணி நேரமும், கடைசி அரை மணி நேரமும் கழிவறைக்குப் போகக் கூடாது. இடைப்பட்ட நேரத்தில் போகலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. 2025 வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள்: 180 கேள்வி, 180 நிமிடம், ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண். அறை மூன்றாவது மாடி, கழிவறை கீழே, அங்கே ஒரு வரிசை. பத்து நிமிடம் போனால் பத்துக் கேள்வி. அதாவது ஒருமுறை சிறுநீர் கழிக்க 40 மதிப்பெண் வரை பணயம் வைக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கானோர் நெருக்கிக்கொண்டு நிற்கும் தேர்வில் யார் போவார்கள்? மாதவிடாய் நாளில் நாப்கின் மாற்ற வேண்டிய பிள்ளை மட்டும் போவாள். அவள் கொடுப்பது பெண்ணாக இருப்பதற்கான வரி.

ஜே.இ.இ. மெயின் தேர்வில் 2024 முதல், கழிவறைக்குப் போய்வந்தால் மறுபடி உடல் சோதனை, மறுபடி கைரேகை என்றார்கள். போவதையே குற்றச் செயலைப்போல நடத்தினால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? போகாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள். தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள். மே மாத வெயிலில் தண்ணீரில்லாத உடம்புக்குத் தலைவலி வரும், கவனம் சிதறும், பிறகு நீர்க்கடுப்பு வரும். இதற்கு மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்று பெயர்.

இருந்த இடைவேளை எங்கே போனது?

'தேர்வு என்றால் அப்படித்தான், எப்போதும் இப்படித்தான்' என்பவர்களுக்கு ஒரு செய்தி. எப்போதும் இப்படி இல்லை.

நான் எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு யுஜிசி நெட் எழுதிய காலத்தில் தாள்களுக்கு நடுவே இடைவேளை இருந்தது. வெளியே வருவோம். முகம் கழுவுவோம். கொண்டுபோன மரச்சீனிக் கிழங்கைப் பகிர்ந்து தின்றிருக்கிறோம். தெரியாத ஊர்ப் பெண்ணிடம் நாப்கின் வாங்கியிருக்கிறேன். 2018 டிசம்பரில்கூட முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவே அரை மணி நேரம் விட்டார்கள். 2019 ஜூன் முதல் இரண்டு தாளையும் சேர்த்து, இடைவேளை இல்லாமல், ஒரே மூச்சில் 3 மணி நேரம் ஆக்கினார்கள்.

யாராவது போராடினோமா? இல்லை. நானும் போராடவில்லை. பாடத்திட்டத்தில் ஒரு வரி மாறினால் கூட்டம் போடுகிறோம். அரை மணி நேரம் காணாமல் போனதை நாம் கவனிக்கவே இல்லை. அடக்கிக்கொள்வது நமக்கு அவ்வளவு பழக்கமாகிவிட்டது.

உடம்பைத் தொட்டால் சாதி தெரியும்

வகுப்பறையில் தாகம் எடுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி நமக்குப் புதிது இல்லை. சாத்தாரா பள்ளியில் படித்த சிறுவன் பீமராவ் குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் அண்ணலே இதை எழுதியிருக்கிறார். அவர் எழுதிய தேர்வுகளில் அவருடைய அறிவு மட்டுமா சோதிக்கப்பட்டது? அவருடைய தாகமும்தான்.

நூறு வருடம் கழித்து நிலைமை என்ன? 2022-ல் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்தார்கள். தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். பள்ளிக் கழிவறை என்றால் சில பிள்ளைகளுக்குப் போகிற இடம். நம் பிள்ளைகளுக்குக் கழுவுகிற இடம். அப்படி வளர்ந்த ஒரு பிள்ளை, தேர்வு அறையில் கையைத் தூக்கி, நாற்பது பேர் பார்க்க, "சார், பாத்ரூம் போணும்" என்று கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அது இயல்பாக வருகிற பிள்ளைகள் உண்டு. கேட்டால் கிடைக்கும் என்ற அனுபவத்தோடு அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். அந்தத் தன்னம்பிக்கையையும் சேர்த்துத்தான் இந்தத் தேர்வு அளக்கிறது. அளந்துவிட்டு அதற்குத் தகுதி என்று பெயர் வைக்கிறது.

உடையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2022 ஜூலை 17 அன்று, கொல்லம் மாவட்டம் ஆயூரில் ஒரு நீட் மையத்தில், உலோகக் கொக்கி இருக்கிறது என்று சொல்லி மாணவிகளின் உள்ளாடையைக் கழற்ற வைத்தார்கள். தலைமுடியை முன்னால் போட்டு மார்பை மறைத்துக்கொண்டு தேர்வு எழுதியதாக ஒரு மாணவி சொன்னார். வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது, அந்த மாணவிகளுக்கு செப்டம்பர் 4 அன்று மறுதேர்வு வைத்தார்கள். ஐந்து வருடம் முன்பு, 2017-ல், கண்ணூரில் இதே கொடுமை நடந்திருந்தது.

கொல்லமும் நம் நாஞ்சில் நாடும் ஒரே திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தவை. இந்த மண்ணில் பெண்கள் தோளை மறைக்க நாற்பது வருடத்துக்கு மேல் அடிபட்டார்கள். 1859-ல் சாணார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ராஜா அறிவித்தார்; உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் அணியக் கூடாது என்றார். அதே கொல்லத்தில் 1915-ல், அய்யங்காளி தலைமையில் புலையர் பெண்கள் கழுத்திலிருந்த கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். ஒரு பெண் எதை உடுத்த வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று வாசலில் நிற்பவன் முடிவு செய்யும் அதிகாரத்தை எதிர்த்த மண் இது. அந்த அதிகாரம் இன்று மெட்டல் டிடெக்டரோடு திரும்பி வந்து நிற்கிறது.

'காப்பி அடிப்பார்களே?'

எதிர்த்தரப்பின் ஒரே வாதம் இது. நேர்மையாகவே பதில் சொல்லலாம்.

2024 நீட் வினாத்தாள் கசிந்தது உண்மை. பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் கசிவு நடந்ததை உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் சொன்னது. அது எந்தப் பிள்ளையின் உள்ளாடையிலிருந்து கசிந்தது? எந்தக் கழிவறையிலிருந்து கசிந்தது? வினாத்தாள் பெட்டி இருந்த இடத்திலிருந்து, அதைக் காக்க வேண்டியவர்கள் வழியாகப் போனது. பெட்டியின் பூட்டைச் சரியாகப் பூட்டத் தெரியாதவர்கள் பிள்ளைகளின் மூத்திரப்பையைப் பூட்டுகிறார்கள்.

அடுத்து, நம் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தேர்வைப் பார்ப்போம். இங்கே தெருவுக்கு ஒரு நர்ஸ் உண்டு. அமெரிக்கா போக விரும்புகிறவர்கள் எழுதுவது என்கிளெக்ஸ். அதிகபட்சம் 5 மணி நேரம். 2 மணி நேரம் கழித்து ஓர் இடைவேளை, மூன்றரை மணி நேரம் கழித்து இன்னொன்று என்று கணினியே கேட்கும். நடுவிலும் எழுந்து போகலாம். திரும்பி வரும்போது உள்ளங்கையை ஸ்கேன் செய்வார்கள், அவ்வளவுதான். அங்கேயும் கடிகாரம் நிற்பதில்லை, அது குறைதான். ஆனால் 'எழுந்து போகலாம்' என்பது விதியிலேயே இருக்கிறது. அந்தத் தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனம், முன் அனுமதி இல்லாமலே கொண்டுபோகக்கூடிய பொருள்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இருமல் மிட்டாய், இன்ஹேலர், முதுகுக்குத் தலையணைகூட அதில் உண்டு. அமெரிக்க மருத்துவர் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டம் 8 மணி நேரம். குறைந்தது 45 நிமிடம் இடைவேளை. 2007-ல் அந்த வாரியத்தின் தேர்வை எழுதப் போன சோஃபி கரியர் என்ற தாய், குழந்தைக்காகப் பால் பீய்ச்சக் கூடுதல் இடைவேளை கேட்டார். மறுத்தார்கள். நீதிமன்றம் போனார், கூடுதல் நேரம் பெற்றார். அவருக்கு மறுத்தது பாகுபாடு என்று 2012-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் ஊர் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மைய வாசலில் என்ன பார்க்கிறோம்? கைக்குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுகிற தாய்மார்களை. பால் கட்டி, ரவிக்கை நனைந்து, 200 கேள்விக்கு விடை எழுதிவிட்டு வருகிறார்கள். வாசலில் குழந்தை அழுதபடி இருக்கும்.

என்கிளெக்ஸ் எழுத 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150 டாலர். பணம் கட்டுகிறவனின் முதுகுக்குத் தலையணை கிடைக்கிறது. அரசு வேலைக்கு, அரசுக் கல்லூரிக்கு எழுதுகிறவளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவுகூட இல்லை. இடைவேளை விட்டால் தேர்வின் நேர்மை கெட்டுவிடும் என்பது உண்மையானால், அமெரிக்க மருத்துவர்கள் எல்லாரும் காப்பி அடித்தவர்களா?

'எல்லாருக்கும் ஒரே விதிதானே?'

ஒரே விதி ஒரே நியாயம் ஆகாது என்பதை இந்த அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று 2018-ல் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள விகாஸ் குமார், யுபிஎஸ்சி-க்கு எதிராக வழக்குப் போட்டு, எழுத்தர் வைத்துக்கொள்ளும் உரிமையை 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். சர்க்கரை நோயுள்ள தேர்வர்கள் வாழைப்பழமும் மாத்திரையும் கொண்டுபோக என்டிஏ அனுமதிக்கிறது. இவை சலுகைகள் இல்லை. உடம்பு உள்ளவர்தான் தேர்வு எழுதுகிறார் என்பதை ஒப்புக்கொள்வது. அதே ஒப்புதலை மாதவிடாய்க்கும், பாலூட்டலுக்கும், கர்ப்பத்துக்கும், மூன்று மணி நேரம் அடக்க முடியாத சாதாரண மூத்திரப்பைக்கும் நீட்டச் சொல்கிறோம்.

நம் தோழர்களிடம்

'நீட்டையே ஒழிக்கச் சொல்கிறோம், நீங்கள் நீட்டில் கழிவறை கேட்கிறீர்களே' என்று ஒரு தோழர் என்னிடம் சிரித்தார். நீட் ஒழிய வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது ஒழிகிறவரை ஒவ்வொரு மே மாதமும் நம் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். நீட் ஒழிந்தாலும் நெட் இருக்கும், டிஎன்பிஎஸ்சி இருக்கும், காவலர் தேர்வு இருக்கும். எல்லா அறையிலும் இதே கடிகாரம் ஓடும்.

கழிவறையும் தண்ணீரும் சின்ன விஷயமா? 1927-ல் மகாத்தில் அண்ணல் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோனது ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க. பசித்த வயிறு படிக்காது என்று கண்டுகொண்ட மாநிலம் இது. மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்த காமராசர் பின்னாளில் நம் நாகர்கோவிலின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. வகுப்பறையில் உடம்பைப் பார்த்த அரசு, தேர்வு அறை வாசலில் அதே உடம்பை ஏன் மறக்கிறது?

இன்னொரு உடம்பையும் நாம் மறக்கக் கூடாது. தேர்வு மையமாகும் ஒரு பள்ளியில் கழிவறை கழுவுகிற அக்கா எங்கள் காலனிக்காரர். அன்றைக்கு ஏன் அவ்வளவு நாற்றம் என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமைல்லா மக்களே. என்னய வரச் சொல்லல்ல. வந்தாலும் சம்பளம் யாரு தருவா?" என்றார். நூற்றுக்கணக்கான பேருக்குக் கண்காணிப்பாளர் உண்டு, காவலர் உண்டு, சோதனை போட ஆள் உண்டு, எல்லாருக்கும் படி உண்டு. கழிவறைக்கு ஆள் இல்லை. நம் கோரிக்கையில் அந்த அக்காவின் கூலி இல்லாவிட்டால், நம் பிள்ளையின் வசதிக்காக நம் இன்னொருத்தியைச் சும்மா உழைக்கச் சொல்கிறோம் என்று ஆகிவிடும்.

என்ன கேட்கிறோம்?

2 மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தத் தேர்விலும் பொது இடைவேளை வேண்டும். அல்லது கழிவறைக்குச் செலவான நேரத்தைக் கண்காணிப்பாளர் குறித்துக் கடைசியில் கூட்டித் தர வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற கழிவறையும் அங்கே இலவச நாப்கினும் வேண்டும். வாசலில் காத்திருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் கழிவறை, நிழல், குடிநீர் வேண்டும். பாலூட்டும் தாய்க்கு ஓர் அறையும் தனி இடைவேளையும் வேண்டும். ஆடையைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்று வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தேர்வு நாளில் தூய்மைப் பணியாளருக்கு இரட்டைக் கூலி, தேர்வுச் செலவிலிருந்தே.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் ஊரில் தேர்வு மையமாகும் பள்ளிகளில் எத்தனை கழிவறை, தேர்வு நாளில் யார் கழுவுகிறார்கள், என்ன கூலி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். பதிலோடு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். தேர்வு நாளில் மைய வாசலில் ஒரு குடம் தண்ணீரோடும் ஒரு பை நாப்கினோடும் நில்லுங்கள். பக்கத்து வீட்டில், கடையில் பேசி ஒரு கழிவறையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளிடம் சொல்லுங்கள்: ஒளி ஊடுருவும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகலாம், கொண்டுபோ. குடி. போக வேண்டுமென்றால் கையைத் தூக்கு. மறுத்தால் நேரத்தையும் அறை எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல், எழுத்தில் புகார் கொடுப்போம்.

அன்று மாலை எங்கள் பிள்ளை வெளியே வந்தாள். தேர்வு எப்படி என்று நான் கேட்பதற்கு முன்னால், "பாத்ரூம் எங்கக்கா இருக்கு?" என்றாள். எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா தன் வீட்டைத் திறந்துவிட்டார். வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தாள்.

அந்தச் சொம்புத் தண்ணீரைக் காலையிலேயே அவள் குடித்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சண்டை.

ஜெய்பீம்.